ஆல்பம்: வெள்ளைப் பலகையும் டாக்கா கேசட்டும்

வங்காளதேசத்தின் முன்னோடி ஹெவி மெட்டல் (அதிரடி ராக் இசை) குழுவான வார்ஃபேஸ் இதுவரை எத்தனை ஆல்பம் போட்டிருக்கிறது? எட்டு என்றும் சொல்லலாம், ஏழு என்றும் சொல்லலாம். ஆல்பம் என்ற சொல்லை எப்படிப் புரிந்துகொள்கிறோம் என்பதைப் பொறுத்தது அது.

இலத்தீனில் 'ஆல்புஸ்' என்றால் வெள்ளை. 'ஆல்பும்' என்பது வெள்ளை பூசிய பலகை. பழைய ரோமில் அரசு அறிவிப்புகளை அதில் எழுதி ஊர் பார்க்க வைப்பார்கள். 16-ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய மாணவர்கள், நண்பர்களிடமும் ஆசிரியர்களிடமும் கையெழுத்து வாங்கும் வெற்று ஏட்டுக்கு இந்தப் பெயரை வைத்தார்கள். நம் பள்ளிக் கடைசி நாள் ஆட்டோகிராஃப் நோட்டுக்கு மூத்த அண்ணன் என்று சொல்லலாம். அப்புறம் தபால்தலை, புகைப்படம் என்று எதை ஒட்டி வைத்தாலும் ஆல்பம் ஆகிவிட்டது.

இசைக்கு வந்தது இன்னும் சுவையான கதை. பழைய 78 சுற்று இசைத்தட்டில் பக்கத்துக்கு மூன்று, நான்கு நிமிடம்தான் பிடிக்கும். நீளமான இசை என்றால் பல தட்டுகள் வேண்டும். அவற்றை உறைகளில் போட்டு, புகைப்பட ஆல்பம்போல் தைத்து விற்றார்கள். 1948-இல் எல்.பி. என்ற நீண்ட நேர இசைத்தட்டு வந்ததும் எல்லாம் ஒரே தட்டில் அடங்கிவிட்டது. ஏடு போய்விட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

டாக்காவில் இந்தச் சொல் கேசட்டோடு வளர்ந்தது. 1984-இல் உருவான வார்ஃபேஸ், முதலில் மேடைகளில் ஆங்கிலக் குழுக்களின் பாடல்களைத்தான் வாசித்துக்கொண்டிருந்தது. 1991-இல் குழுவின் பெயரிலேயே வந்த முதல் ஆல்பம் முழு வங்காளம். 1994-இல் இரண்டாவது, 'ஒபாக் பாலோபாஷா': வியக்கவைக்கும் காதல். இடிபோல் கிட்டார் முழங்கும் குழுவுக்கு அழியாத பெயர் வாங்கித் தந்தது இதன் தலைப்புப் பாடலான மென்மையான காதல் பாட்டு! 2024-இல் கோக் ஸ்டுடியோ பங்களா என்ற இசை நிகழ்ச்சியில் அதை மறுபடி பாட, முதலில் பாடிய பாப்னா கரீமே வந்தார். பின்னால் 'ஜிபோன்தாரா', 'அஷாமாஜிக்' (1998), 'ஆலோ' (2000), 'மகாராஜ்' (2003) என்று வரிசை நீண்டது. ஆள்கள் மாறிக்கொண்டே இருந்தாலும் கிட்டார் கலைஞர் இப்ராஹிம் அகமது கமல் குழுவின் முதுகெலும்பாக நின்றார். இங்கே பாஸ் கிட்டார் வாசித்த சுமன் பிறகு 'அர்த்தஹீன்' குழுவைத் தொடங்கினார்.

சரி, எண்ணிக்கைச் சிக்கல் எங்கே? 2009-இல் வந்த 'பொத்சலா'வில். பெரும்பாலும் பழைய பாடல்களைப் புதிய குரலில் மறுபடி பதிவு செய்தது அது. 2012-இல் வந்த 'ஷொத்தோ' மறுபடி புதுப் பாடல்கள்.

தமிழில் ஆல்பத்துக்கு 'இசைத்தொகுப்பு' என்று எழுதுகிறோம். தொகுத்தல் என்றால் ஏற்கெனவே சிதறிக் கிடப்பதைச் சேர்ப்பது. எட்டுத்தொகை அப்படித்தான் உண்டானது. 'பொத்சலா'வுக்கு இது கச்சிதம். ஆனால் ஒரே மூச்சில் யோசித்து, எந்தப் பாட்டுக்குப் பின் எது என்று பக்கம் பிரித்துச் செய்ததைத் தொகுப்பு என்பது எனக்கு ஒட்டவில்லை. பதிகம் என்ற சொல் ஆசை காட்டுகிறது. ஒருவரே ஒரு போக்கில் பாடிய பத்துப் பாடல் அல்லவா? ஆனால் அதில் திருநீற்று வாசம் அதிகம். ஒலிநாடா, ஒலிப்பேழை, குறுவட்டு எல்லாம் பாத்திரத்தின் பெயர்கள். பாத்திரம் போனதும் அவையும் போய்விட்டன.

என் ஓட்டு 'இசையேடு'க்கு. ஆல்பமே ஏடாக இருந்த பொருள்தானே. இன்னொரு வேடிக்கை: நம் ஊரில் இப்போது சினிமாவில் வராத ஒற்றைப் பாட்டுக்குத்தான் 'ஆல்பம் சாங்' என்று பெயர். அதை 'தனிப்பாடல்' என்றாலே போதும். புலவர்கள் காலத்திலிருந்தே இருக்கிற சொல்.

இந்தக் கணக்கில் வார்ஃபேஸுக்கு இசையேடு ஏழு, தொகுப்பு ஒன்று.