மெனிஞ்சைட்டிஸ்: காய்ச்சல் மூளைக்கா, உறைக்கா?

‘மூளைக்காய்ச்சலால் குழந்தை பலி’ என்று ஒரு தலைப்பைப் படித்தால் என்ன நோய் என்று தெரியுமா? தெரியாது. கொசுக்கடியால் வரும் வைரஸ் நோயும் தமிழில் மூளைக்காய்ச்சல்தான். ‘ஜப்பானிய’ என்ற அடைமொழி சில நேரம் சேரும், சில நேரம் சேராது. பாக்டீரியா புகுந்து மூளையைச் சுற்றியுள்ள உறையில் சீழ் வைப்பதும் அதே மூளைக்காய்ச்சல். முன்னது என்செஃபலைட்டிஸ், பின்னது மெனிஞ்சைட்டிஸ். ஜப்பானிய வகைக்கென்று கிருமியைக் கொல்லும் மருந்து கிடையாது. மற்றதற்கு உண்டு, அதுவும் ஆள் மருத்துவமனைக்கு வந்த ஒரு மணி நேரத்துக்குள் ஏற்ற வேண்டும். இரண்டையும் ஒரே பெயரில் கட்டிப்போட்டது நம் தமிழுக்கு அழகில்லை. அந்தக் காலத்து ‘ஜன்னி’ இதைவிட மோசம். சன்னிபாதம் என்ற வடசொல்லின் சிதைவு அது. காய்ச்சலில் பிதற்றினால் எல்லாமே ஜன்னி.

கிரேக்கத்தில் ‘மெனிங்க்ஸ்’ என்றால் சவ்வு, படலம். ‘ஐட்டிஸ்’ முதலில் அழற்சியைக் குறித்ததே இல்லை. ‘சார்ந்த’ என்று பொருள் தரும் வெறும் விகுதி அது. ஆர்த்ரைட்டிஸை ‘மூட்டு சார்ந்த நோய்’ என்று முழுதாகச் சொல்லிவந்தார்கள். போகப்போக ‘நோய்’ உதிர்ந்து விகுதி மட்டும் மிஞ்சியது. பிற்கால மருத்துவம் அதற்கு அழற்சி என்ற பொருளை ஏற்றிவிட்டது.

அழற்சி என்ற சொல்லைப் படைத்தவருக்கு ஒரு கும்பிடு போடலாம். அழல் என்றால் நெருப்பு. லத்தீனிலும் இதற்கான சொல் தீச்சுடர் என்ற வேரிலிருந்தே பிறந்தது. ‘வீக்கம்’ என்று எழுதினால் இந்தச் சூடு வராது.

அடுத்து உறை. மூளையை மூடியிருப்பவை மூன்று. வெளியே தடித்த டியூரா மேட்டர், நடுவில் சிலந்திவலை போன்ற அரக்னாய்டு, உள்ளே மூளையோடு ஒட்டிய மெல்லிய பயா மேட்டர். ‘மேட்டர்’ என்பது லத்தீனில் தாய். சவ்வுக்கு ஏன் தாய்? அரபு மருத்துவர்கள் இதை ‘மூளையின் தாய்’ என்று அழைத்தார்கள். ஒன்றைச் சூழ்ந்து காப்பதைத் தாய் என்பது அரபு வழக்கு. 12-ஆம் நூற்றாண்டில் லத்தீனுக்குப் பெயர்த்தவர் அதைச் சொல்லுக்குச் சொல் மாற்ற, வன்தாயும் மென்தாயும் உலகெங்கும் நிலைத்துவிட்டார்கள்.

மூன்றையும் சேர்த்துச் சொல்ல ‘மூளைச்சவ்வு’ போதாது, ‘மூளையுறை’ தேவலை. ஆகவே மூளையுறை அழற்சி. இதிலும் ஒரு குறை உண்டு: இதே உறைதான் தண்டுவடத்தையும் மூடிக்கொண்டு கீழே இறங்குகிறது. ‘மூளைத்தண்டுவட உறையழற்சி’ என்றால் இன்னும் சரி, ஆனால் ஒருவரும் வாயில் நுழைக்கமாட்டார்கள். தலையில் இருக்கும் நோய்க்கு இடுப்பில் ஊசி குத்தி நீர் எடுக்க முடிவதும் இந்தத் தொடர்ச்சியால்தான். 1891-ல் ஜெர்மானிய மருத்துவர் குவிங்கே காட்டிய வழி அது. நல்ல நிலையில் அந்த நீர் தெளிந்த தண்ணீர்போல் சொட்டும். பாக்டீரியா இருந்தால் கழுநீர்போல் கலங்கி வரும்.

‘பாக்டீரியா’வை அப்படியே விடுவது நல்லது. ‘நுண்ணுயிர்’ என்று மாற்றினால் வைரஸும் உள்ளே வந்துவிடும், பழைய குழப்பம் திரும்பிவிடும். பாக்டீரியா என்றால் கிரேக்கத்தில் சிறு கோல். ஆனால் இந்நோயைத் தரும் பாக்டீரியாக்களில் ஒன்றான, 1887-ல் வியன்னாவில் வைக்செல்பாம் கண்டுபிடித்த மெனிங்கோகாக்கஸ் கோல் அல்ல, இரண்டிரண்டாக ஒட்டிய உருண்டை மணி. பெயருக்கும் உருவத்துக்கும் எப்போது பொருந்தியது!

இனி, மருந்துச் சந்தை அறிக்கைகளில் அடிபடும் ‘மூளையுறை அழற்சி சிகிச்சைச் சந்தை’. சிகிச்சை என்பது நோய் வந்தவருக்குச் செய்வது. அதில் முன்னணியில் நிற்பது 1980-களில் வந்த, பாக்டீரியாவைக் கொல்லும் மருந்தான செஃப்ட்ரையாக்சோன். காப்புரிமை எப்போதோ முடிந்து, பல நிறுவனங்கள் மலிவாகச் செய்கின்றன. பெனிசிலின் அதைவிடப் பழையது. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடுப்பு, பெனிசிலினை இயல்பாக எளிதில் உள்ளே விடாது. உறை அழன்று கிடக்கும்போதுதான் வழிவிடும். அழல் தணியத் தணிய மருந்து நுழைவதும் குறையும். ஆள் எழுந்து உட்கார்ந்துவிட்டாரே என்று அளவைக் குறைக்காததன் காரணம் இதுதான். கூடவே அழற்சியைத் தணிக்கும் டெக்சாமெத்தசோன் தருகிறார்கள், ஏனென்றால் செத்த கிருமியின் துண்டுகளே அழலைக் கிளப்பும். 2002-ல் வெளியான ஐரோப்பிய ஆய்வில் இதைச் சேர்த்துத் தந்தவர்களிடையே இறப்பு 15 விழுக்காட்டிலிருந்து 7 ஆனது. இதுவும் மலிவான பழைய மருந்துதான். இத்தனைக்குப் பிறகும் இந்நோய் வந்தவர்களில் ஆறில் ஒருவர் இறக்கிறார் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

அப்படியானால் பணம் எங்கே? தடுப்பூசியில். இந்நோயைத் தரும் இன்னொரு பாக்டீரியாவான நிமோகாக்கஸுக்கு எதிரான தடுப்பூசி ஒன்றே ஆண்டுக்குப் பல நூறு கோடி டாலர் ஈட்டுகிறது. அதையும் ‘சிகிச்சை’ என்ற தலைப்பில் கூட்டிவிடும் அறிக்கைகள் சொல்லைத் தவறாக ஆள்கின்றன. ‘தடுப்பு, சிகிச்சைச் சந்தை’ என்று பிரித்து எழுதினால் போயிற்று.

தடுப்பூசிக்குள்ளும் இரண்டு உலகங்கள். செனகல் முதல் எத்தியோப்பியா வரை நீளும் ‘மூளையுறை அழற்சிப் பட்டை’யில் 1996-97-ல் சுமார் 25,000 பேர் இறந்தார்கள். அங்கே வாங்கும் சக்தி இல்லை, ஆகவே பெரிய நிறுவனங்களுக்கு நாட்டமும் இல்லை. கடைசியில் சீரம் இன்ஸ்டிடியூட் ஆஃப் இந்தியா, மெனிங்கோகாக்கஸின் ஏ வகைக்கு எதிரான மென்ஆஃப்ரிவாக் தடுப்பூசியை டோஸ் ஒன்று அரை டாலருக்கும் குறைவாகச் செய்து கொடுத்தது. 2010-ல் புர்கினா ஃபாசோவில் போடத் தொடங்கினார்கள். 2017-க்குப் பிறகு அந்தப் பட்டையில் ஏ வகை நோய் ஒருவருக்கும் உறுதியாகவில்லை. காலியான இடத்தில் சி, டபிள்யூ, எக்ஸ் வகைகள் தலைதூக்கின. ஏ, சி, டபிள்யூ, ஒய், எக்ஸ் என்ற ஐந்துக்கும் சேர்த்த ஊசியை உலக சுகாதார நிறுவனம் 2023-ல் ஏற்றது, நைஜீரியா 2024-ல் முதலில் போட்டுக்கொண்டது.