அந்த வேனுக்கு ஏன் இத்தனை வரி?

பாரிசில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் படம் ஒன்றை அனுப்பியிருந்தார். சந்தை ஓரத்தில் நின்று காபி விற்கும் பழைய சாம்பல் நிற வேன், மூக்கிலிருந்து பின்கதவு வரைக்கும் வரிவரியாக நெளிந்த தகடு. "இது அழகுக்காகச் செய்ததா, இல்லை இதில் ஏதாவது விஷயம் இருக்கிறதா?" என்று கேட்டிருந்தார். விஷயம் இருக்கிறது. அழகு என்பதெல்லாம் அந்த வண்டி ஓய்வு பெற்ற பிறகு நாமாகச் சேர்த்துக்கொண்டது. ஓடிக்கொண்டிருந்த காலத்தில் பிரான்சில் அதைப் பன்றி மூக்கு என்றுதான் கூப்பிட்டார்கள்.

அது சிட்ரோயன் எச் வேன். 1947 அக்டோபரில் பாரிஸ் மோட்டார் கண்காட்சியில் முதலில் காட்டினார்கள், அடுத்த வருஷம் உற்பத்தி தொடங்கியது, 1981 டிசம்பர் வரைக்கும் பெரிய மாற்றம் எதுவும் இல்லாமல் செய்துகொண்டே இருந்தார்கள். மொத்தம் 4.7 லட்சம் வண்டிக்கு மேல். ரொட்டி விற்றவர், இறைச்சி விற்றவர், போலீஸ், தீயணைப்புப் படை என்று பிரான்சில் சாமானோ ஆளோ ஏற்றிப் போக வேண்டியிருந்த எல்லோரும் இதைத்தான் வைத்திருந்தார்கள்.

கம்பெனியின் கதையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்குப் பிடித்த பகுதி அது இல்லை. ஆந்த்ரே சிட்ரோயன் 1878இல் பாரிசில் பிறந்தவர், எகோல் பாலிடெக்னிக்கில் படித்த பொறியாளர். 1900 வாக்கில் போலந்துக்குப் போனபோது அங்கே பற்களை அம்பு முனை வடிவில் வெட்டிய பல்சக்கரத்தைப் பார்த்து அதற்கான உரிமையை வாங்கிக்கொண்டார். இன்றைக்கும் அந்தக் கார்களின் முகப்பில் இருக்கும் இரட்டை அம்பு அந்தப் பல்தான். முதல் உலகப் போரில் பீரங்கிக் குண்டு தயாரித்த தொழிற்சாலையை, போர் முடிந்ததும் கார் தொழிற்சாலையாக மாற்றினார். 1919இல் முதல் கார். 1925இலிருந்து 1934 வரை ஈபிள் கோபுரத்தில் தன் பெயரையே விளக்கு போட்டு எரியவிட்டார் என்றால் ஆள் எப்படிப்பட்டவர் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

அந்த விளக்கு அணைந்த 1934தான் இந்தக் கதையில் முக்கியமான வருஷம். அந்த வருஷம் அவர் கொண்டுவந்த டிராக்சியோன் அவான் என்ற காரில் மூன்று விஷயங்கள் ஒன்றாக வந்தன. இன்ஜின் முன்சக்கரத்தை ஓட்டியது. அடியில் சேஸி என்கிற தனி இரும்புச் சட்டம் கிடையாது, உடம்பே சட்டமாக வேலை செய்தது. மேடுபள்ளத்தில் குலுங்காமல் தாங்கும் சஸ்பென்ஷனுக்குப் பட்டை வில்லுக்குப் பதிலாக முறுக்குக் கம்பி. மூன்றுமே அதற்கு முன்னால் தனித்தனியாக எங்கெங்கோ இருந்தவைதான், ஆனால் இப்படி ஒரே காரில் சேர்த்துப் பெரிய அளவில் உற்பத்தி செய்வதற்கு அவர் கொட்டிய பணத்தில் கம்பெனி திவாலாகிவிட்டது. அதிகமாகக் கடன் கொடுத்திருந்த டயர்க்காரர்களான மிஷ்லின்தான் சிட்ரோயன் கம்பெனியை எடுத்துக்கொண்டார்கள். ஆந்த்ரே 1935 ஜூலையில் இறந்துபோனார். அந்தக் காரோ 1957 வரை விற்றது, அதன் 1,911 சிசி இன்ஜின் இந்த வேனுக்குள் உட்கார்ந்து இன்னும் பல வருஷம் ஓடியது. ஆராய்ச்சிக்குச் செலவழிப்பதை வீண் செலவு என்று பேசுகிறவர்களிடம் நான் வழக்கமாகக் காட்டுகிற கணக்கு இது: செலவு ஒரு தலைமுறையின் கணக்கில் எழுதப்படும், வரவு அடுத்த தலைமுறையின் கணக்கில் வரும், அதனால்தான் எந்த நிதியமைச்சருக்கும் அதில் ஆர்வம் வருவதில்லை. நம் நாட்டில் மொத்த உற்பத்தி மதிப்பில் ஒரு சதவீதம்கூட ஆராய்ச்சிக்குப் போவதில்லை, அதைப் பற்றி எழுதினால் இந்தக் கட்டுரை இங்கேயே நின்றுவிடும்.

சரி, வேனுக்கு வருவோம். அப்போதைய சாமான் வண்டிகளில் இன்ஜின் முன்னால், ஓடும் சக்கரம் பின்னால், நடுவே இன்ஜினின் சுழற்சியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோக வண்டியின் நீளத்துக்கு ஒரு தண்டு, புரொபெல்லர் ஷாஃப்ட். அதற்கு மேலே சேஸி, சேஸிக்கு மேலே பலகை. ஆகவே தளம் இடுப்பு உயரத்துக்குப் போய்விடும், மூட்டையைத் தூக்கித்தான் ஏற்ற வேண்டும், உள்ளே போனால் குனிந்துதான் நிற்க வேண்டும். முன்சக்கரமே வண்டியை இழுத்துக்கொண்டு போனால் ஷாஃப்ட் வேண்டாம். உடம்பே சட்டமாக இருந்தால் சேஸியும் வேண்டாம். இரண்டையும் எடுத்துவிட்டால் தளம் தரையை ஒட்டி இறங்கிவிடும். மிஷ்லின் காலத்தில் பொறுப்பில் இருந்த பியேர்-ஜூல் பூலான்ஷே இதைத்தான் பிடித்துக்கொண்டார். 1939இல் டி.யு.பி. என்ற வேன் வந்தது, போர் வந்து அதை நிறுத்தியது, போருக்குப் பிறகு அதே யோசனை எச் வேனாகத் திரும்பி வந்தது. உள்ளே 1.8 மீட்டர் உயரம், பக்கவாட்டில் தள்ளித் திறக்கும் கதவு, ஆள் நிமிர்ந்து நின்று வியாபாரம் செய்யலாம். முகப்பு விளக்கு சிட்ரோயனின் 2சிவி காரிலிருந்து, வேகமானி டிராக்சியோனிலிருந்து. இருப்பதை எடுத்துப் போட்டு இல்லாததை மட்டும் புதிதாகச் செய்த வண்டி.

இல்லாதது என்று பார்த்தால் இரும்புத் தகடுதான். 1940களின் கடைசியில் ஐரோப்பாவில் எஃகு அளந்து கொடுக்கப்பட்ட பொருள். சேஸி இல்லாத வண்டிக்குத் தகடுதான் எலும்பு, அந்தத் தகடோ மெல்லியதாகத்தான் இருக்க முடியும். கார் என்றால் தகட்டைப் பெரிய பிரஸ்ஸில் வைத்து உருண்டு திரண்ட வடிவத்துக்கு அழுத்துவார்கள். அந்த உருட்டலே தகட்டுக்குக் கொஞ்சம் விறைப்பைக் கொடுத்துவிடும். ஆனால் அதற்கான அச்சுகள் பயங்கர விலை. வேனின் பக்கவாட்டோ சுவர் மாதிரி தட்டை, அதுவும் பெரிய சுவர். மெல்லிய தட்டைத் தகட்டைச் சும்மா விட்டால் உள்வாங்கும், துடிக்கும், ஓடும்போது டமடமவென்று சத்தம் போடும், பாரம் ஏறினால் மடங்கும். என்ன செய்வது?

இங்கேதான் வரி வருகிறது, நான் கொஞ்சம் நிதானமாகப் பேச விரும்புவதும் இங்கேதான்.

ஒரு தகட்டை வளைக்கிறோம் என்றால் அதற்குள் என்ன நடக்கிறது? வளைவின் வெளிப்புறம் இழுபடுகிறது, உட்புறம் அமுங்குகிறது, நடுவே இழுபடவும் செய்யாத அமுங்கவும் செய்யாத ஒரு அடுக்கு இருக்கிறது. அதற்கு நடுநிலை அடுக்கு என்று பெயர், பள்ளியில் படித்திருப்பீர்கள். வளைவதை எதிர்க்கும் வேலையில் அந்த அடுக்கில் இருக்கும் உலோகத்துக்குப் பங்கே இல்லை, சும்மா இருக்கிறது. நடுவிலிருந்து தள்ளிப் போகப் போகத்தான் வேலை. அதுவும் தூரம் இரட்டித்தால் வேலை இரட்டிப்பதில்லை, நான்கு மடங்காகிறது. ஏன் நான்கு? தள்ளி இருக்கும் உலோகம் இரண்டு மடங்கு இழுபடுகிறது, ஆகவே இரண்டு மடங்கு விசையோடு எதிர்க்கிறது. அந்த விசை இரண்டு மடங்கு தூரத்திலிருந்து வேலை செய்வதால் அதன் திருப்புத்திறன் இன்னொரு முறை இரட்டிக்கிறது. இரண்டை இரண்டால் பெருக்கினால் நான்கு. இவ்வளவுதான். பொறியியல் கல்லூரியில் இதை நீளமான பெயரோடு சூத்திரமாகக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்வார்கள், பாதிப் பேர் இந்தப் பெருக்கலைப் பார்க்காமலேயே பட்டம் வாங்கிவிடுவார்கள்.

இப்போது கணக்குக்காக 0.8 மி.மீ. தகடு ஒன்றை வைத்துக்கொள்வோம். தட்டையாக இருக்கும்போது அதன் உலோகம் முழுவதும் நடுவிலிருந்து 0.4 மி.மீ.க்குள் அடங்கிவிடுகிறது. அதாவது எல்லோரும் சோம்பேறிகள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். அதே தகட்டை அலை அலையாக நெளித்து, முகட்டுக்கும் பள்ளத்துக்கும் 8 மி.மீ. வித்தியாசம் வருகிற மாதிரி செய்யுங்கள். இப்போது நடுக்கோடு அலையின் மத்தியில் போகிறது, முகட்டில் இருக்கும் உலோகம் அதிலிருந்து 4 மி.மீ. மேலே, பள்ளத்தில் இருப்பது 4 மி.மீ. கீழே. கணக்குப் போட்டால் விறைப்பு ஏறக்குறைய 150 மடங்காகிறது. நூற்றைம்பது! கூடுதலாக எவ்வளவு தகடு செலவாகும்? முகடுகளுக்கு நடுவே 50 மி.மீ. இடைவெளி என்றால் 6 சதவீதம். இதே 150 மடங்கை நெளிக்காமல், தகட்டின் தடிமனைக் கூட்டி அடைய வேண்டுமென்றால் 4 மி.மீ.க்கு மேல் தடிமன் வேண்டும், எடை ஐந்து மடங்கைத் தாண்டிவிடும். அலையின் உயரத்தை 16 மி.மீ. ஆக்கினால் 600 மடங்கு. எனக்கு இந்தக் கணக்கை எத்தனை முறை போட்டாலும் அலுப்பதில்லை, பொருளைக் கூட்டாமல் இருக்கிற பொருளை இடம் மாற்றி உட்காரவைத்ததற்கு இவ்வளவு கூலி வேறு எங்கே கிடைக்கிறது!

எச் வேனின் பக்கவாட்டில் இப்படி முழு அலை கிடையாது, தட்டை இடைவெளி விட்டு விட்டு வரிகள், ஆகவே லாபம் இதைவிடக் குறைவு. தத்துவம் ஒன்றுதான். அச்சுச் செலவும் மிச்சம்: நேர்கோட்டில் ஓடும் வரிக்குத் தகடு பெரும்பாலும் மடிகிறது, எல்லாப் பக்கமும் இழுபட வேண்டியதில்லை, எளிய கருவி போதும்.

ஆனால் இந்தக் கூலியில் ஒரு பிடித்தம் இருக்கிறது. ஒரு தாளை எடுத்து விசிறி மடிப்பாக மடித்துப் பாருங்கள். மடிப்பு ஓடும் திசையில் இரண்டு புத்தகங்களுக்கு நடுவே பாலமாக வைத்தால் ஒரு டம்ளரைத் தாங்கும். குறுக்குத் திசையில் அதே தாள் முன்பைவிடச் சுலபமாகத் துவண்டுவிடும். பனை மரத்துக்கு இது நன்றாகத் தெரியும். அவ்வளவு அகலமான ஓலை காற்றில் விறைத்து நிற்பது மடிப்புகளால்தான், அந்த மடிப்புகள் விரியாமல் அடியில் மட்டை கெட்டியாகப் பிடித்திருக்கிறது. வேனிலும் அப்படி ஒரு பிடி வேண்டும். வெளியே வரிகள் முன்னும் பின்னுமாகக் கிடையாக ஓடுகின்றன என்றால், உள்ளே அவற்றுக்குச் செங்குத்தாகத் தொப்பி வடிவில் மடித்த தகட்டுப் பட்டைகளைப் பற்றவைத்திருக்கிறார்கள். வரி ஒரு திசையைப் பார்த்துக்கொள்ளும், பட்டை மறு திசையை. இரண்டும் சேர்ந்த சுவர், கூரை, தளம் எல்லாம் ஒரே பெட்டியாகி, சேஸி செய்திருக்க வேண்டிய வேலையைச் செய்துவிடும். தளம் குதிரையை ஏற்றினாலும் தாங்கும் என்பார்கள். வெளியில் நின்று வரிகளை மட்டும் படமெடுக்கிறவர்கள் உள்ளே எட்டிப் பார்த்து அந்தப் பட்டைகளையும் ஒரு படம் எடுக்க வேண்டும் என்பது என் கோரிக்கை.

இந்த யோசனை சிட்ரோயனுடையது இல்லை. நெளிந்த இரும்புத் தகட்டுக்கு 1829லேயே லண்டனில் ஹென்றி பால்மர் காப்புரிமை வாங்கிவிட்டார், நம் ஊர்த் தகரக் கூரைகளெல்லாம் அந்த வம்சம். வண்டிக்காரர்களுக்கு வழிகாட்டியது ஜெர்மனியின் யுங்கர்ஸ் விமானங்கள். 1919இல் பறந்த எஃப்13, பிறகு வந்த மூன்று இன்ஜின் யு-52, எல்லாம் நெளிந்த உலோகத் தோல் போர்த்தியவை. விமானங்கள் இதை ஏன் கைவிட்டன என்பதும் சுவாரசியம்தான்: வரிகள் காற்று ஓடும் திசையில்தான் இருந்தன, ஆனால் காற்று அவ்வளவு ஒழுங்காக வரியோடு ஓடாது, குறுக்கே பாயும். அதோடு காற்று உரசும் பரப்பும் கூடிவிடுகிறது. காற்றின் தடை வேகத்தின் இருமடிக்கு ஏறுவது, வேகம் கூடக் கூட அந்த அபராதத்தைக் கட்ட முடியவில்லை. எச் வேனுக்கு அந்தக் கவலையே கிடையாது. 90 கி.மீ. வேகத்தைத் தொடவே திணறிய வண்டி, முகப்பு வேறு காற்றுக்கு நேரே நிற்கும் சுவர், இதில் வரியால் என்ன பெரிதாகக் கெட்டுவிடப் போகிறது?

இந்த இடத்தில் ஒரு மூடநம்பிக்கையையும் திட்டிவிட்டுப் போகிறேன். வண்டியில் எலுமிச்சம்பழம் கட்டுவதைச் சொல்லவில்லை, அதனால் எலுமிச்சை வியாபாரிக்காவது நன்மை. நான் சொல்வது ஷோரூமுக்குப் போய்க் காரின் கதவை விரல் முட்டியால் தட்டிப் பார்த்து, 'கெட்டித் தகடு, நல்ல வண்டி' என்று தீர்ப்பு சொல்லும் பழக்கத்தை. தட்டினால் வரும் சத்தம் தகடு எப்படி அதிர்கிறது என்பதைத்தான் சொல்லும். உட்புறம் ஒரு துண்டு தார் பட்டையை ஒட்டிவிட்டால் மெல்லிய தகடும் கம்பீரமாகச் சத்தம் போடும், கம்பெனிக்காரர்களுக்கு அது நன்றாகத் தெரியும். வண்டியின் பலம் எந்த வடிவத்தில் மடித்து எங்கே பற்றவைத்திருக்கிறார்கள் என்பதில் இருக்கிறது, அது விரல் முட்டிக்குக் கேட்காது.

எச் வேனுக்குப் பிறகு? 1970களின் நடுவில் சிட்ரோயன் இன்னொரு பிரெஞ்சு கார் கம்பெனியான பெஜோவின் கைக்குப் போனது. 1981இல் இத்தாலியின் வால் தி சாங்ரோவில் ஃபியட்டோடு சேர்ந்து கட்டிய தொழிற்சாலையில் சி25 என்ற வேன் வந்தது. ஃபியட் டுகாட்டோவும் அதுவும் உள்ளே ஒரே வண்டி. 1994இல் ஜம்பர். 2021இலிருந்து எல்லோரும் ஸ்டெல்லாண்டிஸ் என்ற ஒரே குடையின் கீழ், அந்தக் குடையின் ஓரத்தில்தான் திருவள்ளூர் பக்கம் சிட்ரோயன் சி3 தயாராகிறது. பிரஸ்ஸும் அச்சும் தாராளமாகக் கிடைக்கிற காலம் என்பதால் இப்போதைய வேன்களின் வெளித்தோல் வழவழப்பாகிவிட்டது, வரிகள் போய்விடவில்லை, சாமான் வைக்கும் தளத்திலும் கூரையிலும் குனிந்து பார்த்தால் அப்படியே இருக்கின்றன.

2017இல் எச் வேனுக்கு 70 வயது ஆனபோது இத்தாலியில் ஃபாப்ரிசியோ கசெலானி என்பவர் புதிய ஜம்பர் வேனுக்கு மேலே மாட்டிக்கொள்ள எச் வேன் முகமும் உடம்பும் கொண்ட உறை ஒன்றைச் செய்து விற்க ஆரம்பித்தார், காபி வியாபாரிகளுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. உறை பைபர்கிளாஸ். பாரம் முழுவதையும் அடியில் இருக்கும் ஜம்பர் சுமக்கிறது. வாசகர் அனுப்பிய படத்தில் கதவு மூடியிருப்பதால் அது அசலா உறையா என்று எனக்குப் பிடிபடவில்லை. உறையாக இருந்தால், ஆமாம் ஐயா, அந்த வரிகள் அழகுக்குத்தான்.