அக்கிக்கு ஐந்து வேளை மாத்திரை எதற்கு?

உசிலம்பட்டியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "அம்மாவுக்கு நெற்றியில் அக்கி. வேளார் வந்து காவியால் எழுதிவிட்டுப் போனார். டாக்டரும் எழுதினார்: ஏசைக்ளோவிர் 800, ஒரு நாளைக்கு ஐந்து வேளை. மூன்று வேளை சோறே ஒழுங்காகச் சாப்பிடாதவர் எப்படிச் சாப்பிடுவார்?"

என் தாத்தா முதுகிலும் எழுதினார்கள். சிங்கம் என்றார்கள், எனக்கு நாய் மாதிரிதான் தெரிந்தது. மூன்று வாரத்தில் ஆறிவிட்டது. எழுதாவிட்டாலும் ஆறியிருக்கும், அக்கியின் சுபாவம் அது. முதுகு என்றால் காவிக்கே பெயர் கிடைத்துவிட்டுப் போகட்டும். நெற்றி அப்படியில்லை. சின்ன வயதில் சின்னம்மையாக வந்த வைரஸ்தான் நரம்பு முடிச்சில் தூங்கிக் கிடந்து அக்கியாக எழுகிறது. நெற்றிக்குப் போகும் நரம்பின் இன்னொரு கிளை கண்ணுக்குள் போகிறது.

சரி, மாத்திரைக்கு வருவோம். வைரஸ் பெருக வேண்டுமானால் தன் டிஎன்ஏ சங்கிலியை நகலெடுக்க வேண்டும். அந்தச் சங்கிலியில் 'ஜி' என்றொரு கண்ணி உண்டு. ஏசைக்ளோவிர் அதன் போலி. ஆனால் விழுங்கியவுடன் அது வெறும் தூள்தான். மூன்று பாஸ்பேட் ஒட்டினால்தான் வேலை செய்யும். முதல் பாஸ்பேட்டை ஒட்ட நம் செல்லின் நொதிகள் அநேகமாக மறுத்துவிடுகின்றன. வைரஸோ தன் நகலுக்குச் சரக்கு தயாரிக்க தைமிடின் கைனேஸ் என்ற சொந்த நொதியை வைத்திருக்கிறது. அதற்கு அசல், போலி பார்க்கும் பொறுமை கிடையாது, எடுத்து ஒட்டிவிடும். மீதி இரண்டை நம் செல்லே ஒட்டிக்கொடுக்கும். இப்போது போலி, அசல் 'ஜி' போலவே சங்கிலியில் ஏறுகிறது. அசலில் அடுத்த கண்ணியை மாட்ட ஒரு கொக்கி இருக்கும். இதில் சர்க்கரை வளையம் பாதிதான், கொக்கியே இல்லை. சங்கிலி அங்கேயே நின்றுவிடும். சொந்தச் செலவில் சூனியம் என்பார்களே, அதுதான். வைரஸ் புகாத செல்லில் மருந்து அநேகமாகச் சும்மா கிடக்கும்.

இந்த மாதிரிப் போலிக் கண்ணிகளோடு 1940களிலிருந்து மல்லுக்கட்டியவர் அமெரிக்க விஞ்ஞானி கெர்ட்ரூட் எலியன். முனைவர் பட்டம் முடிக்காதவர். 1988இல் நோபல் பெற்றார். "இரண்டு வருஷத்தில் என்ன பயன்?" என்று கேட்கும் நம் நிதிக்குழு முன் நின்றிருந்தால் வெறுங்கையோடு அனுப்பியிருப்பார்கள்.

உதட்டுக் கொப்புளம் தரும் ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் கண்ணில் வந்தாலும் இதே தந்திரம்தான், களிம்பாகவும் போடுவார்கள். சாயம் விட்டு நீல விளக்கில் பார்த்தால் கருவிழியில் பச்சையாக ஒரு மரக்கிளை ஒளிரும். கண் சிவப்புக்கென்று மெடிக்கலில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு சொட்டு அந்தக் கிளையைப் படர விட்டுவிடும்.

அப்புறம் அந்த ஐந்து வேளை. விழுங்குவதில் மூன்றில் ஒரு பங்குகூட ரத்தத்தில் சேராது. சேர்ந்ததும் சுமார் மூன்று மணி நேரத்தில் பாதியாகிவிடும். அதனால்தான் அடிக்கடி விழுங்கச் சொல்கிறார்கள். வாலின் என்ற அமினோ அமிலத்தைச் சேர்த்த வாலாசைக்ளோவிரை, குடல் சாப்பாடு என்று நினைத்து நன்றாக உள்ளே எடுத்துக்கொள்ளும். மூன்று வேளை போதும். டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள். எதுவானாலும் கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது.

இன்னொன்று: அம்மாவின் மூக்கு நுனியைப் பாருங்கள். கண்ணுக்குள் போகும் கிளைதான் அங்கேயும் முடிகிறது. அங்கே கொப்புளம் இருந்தால், கண் வலிக்காவிட்டாலும், இன்றைக்கே ஆரப்பாளையம் பஸ் ஏறுங்கள். மதுரையில் கண் ஆஸ்பத்திரிக்குப் பஞ்சமில்லை.