திருப்பிக் கொடுத்த புத்தகத்தை நூலகம் மறந்துவிட வேண்டும்

ஆறேழு வருடங்களுக்கு முன்பு ஒரு நூலகத்தில் பார்கோடு பிரிண்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். நூலகங்களுக்கு மென்பொருள் நிறுவிக் கொடுப்பதும் அவற்றின் இணையதளங்களைப் பராமரிப்பதும் என் தொழில். மதியம் மூன்று மணி இருக்கும். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் கவுண்ட்டருக்கு வந்தார். கையில் மகளின் உறுப்பினர் அட்டை. மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு.

"தம்பி, பாப்பா இங்க என்னென்ன புக் எடுத்திருக்கான்னு ஒரு லிஸ்ட் கிடைக்குமா?"

கவுண்ட்டரில் இருந்த பையன் நல்லவன். யார் என்ன கேட்டாலும் செய்து கொடுப்பான். எண்ணைத் தட்டினான், பிரிண்ட் கொடுத்தான். மூன்று வருடப் பட்டியல், தேதியோடு, இரண்டு பக்கம். அந்த அப்பா அங்கேயே நின்று ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். ஓரிடத்தில் விரல் நின்றது. பிறகு தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "ரொம்ப நன்றிப்பா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பையனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த மென்பொருளை நிறுவியவன் நான். எந்த அமைப்பையும் மாற்றாமல், வந்தது வந்தபடியே விட்டவனும் நான்தான்.

பழைய நூலகர்களிடம் இந்தக் கதையைச் சொன்னால் சிரிப்பார்கள். கம்ப்யூட்டர் வருவதற்கு முன் நம் நூலகங்கள் பலவற்றில் இருந்தது பிரவுன் முறை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நீனா பிரவுன் என்ற அமெரிக்க நூலகர் உருவாக்கியது. உறுப்பினருக்குச் சின்னப் பை போன்ற டிக்கெட்டுகள் கொடுத்திருப்பார்கள். புத்தகத்துக்குள் ஒரு புத்தக அட்டை செருகியிருக்கும். நீங்கள் புத்தகம் எடுக்கும்போது அந்த அட்டையை உருவி, உங்கள் டிக்கெட்டுக்குள் நுழைத்து, தேதிவாரியாக மரத்தட்டில் அடுக்கிவிடுவார்கள். புத்தகம் திரும்பி வந்ததும் அட்டை புத்தகத்துக்குள், டிக்கெட் உங்கள் கையில். இரண்டையும் பிரித்த அந்த நொடியிலேயே, நீங்கள் அதை எடுத்தீர்கள் என்பதற்கு எந்தத் தடயமும் கிடையாது. பின்பக்கம் ஒட்டிய தாளில் தேதி முத்திரை மட்டும் இருக்கும், பெயர் இருக்காது. போன மாதம் நீங்கள் என்ன படித்தீர்கள் என்று யாராவது வந்து கேட்டால் நூலகராலும் சொல்ல முடியாது, அவருக்கு உங்களைத் தெரிந்து நினைவிலும் இருந்தால் ஒழிய.

கம்ப்யூட்டரை மறக்கச் சொல்ல வேண்டும், தானாக மறக்காது. நம் ஊரில் நிறைய நூலகங்கள் பயன்படுத்தும் கோஹா மென்பொருளையே எடுத்துக்கொள்வோம். நியூசிலாந்தில் ஒரு வட்டார நூலகத்துக்காக 1999-ல் எழுதத் தொடங்கியது. கோஹா என்றால் மாவோரி மொழியில் கொடை என்று பொருள். பெயருக்கேற்ப இலவசமாகக் கிடைக்கிறது. இதில் நீங்கள் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்ததும், அந்தப் பதிவு நடப்புப் பட்டியலிலிருந்து பழைய பட்டியலுக்கு நகரும், அவ்வளவுதான். யாராவது அழிக்கும்வரை உங்கள் உறுப்பினர் எண்ணோடு அங்கேயே கிடக்கும்.

அழிப்பதற்கான வழியும் அதிலேயே இருக்கிறது என்பதுதான் வயிற்றெரிச்சல். பெயரற்ற உறுப்பினர் என்று ஒரு டம்மிக் கணக்கைத் தொடங்கி, அதன் எண்ணை அமைப்பில் கொடுத்துவிட்டால், திரும்பி வந்த புத்தகங்களின் பதிவில் உங்கள் எண்ணை எடுத்துவிட்டு டம்மி எண்ணைப் போட்டுவிடலாம். தினமும் நள்ளிரவில் தானாக நடக்கும்படியும் வைக்கலாம். இந்த வருடம் எத்தனை புத்தகம் வெளியே போனது என்ற கணக்கு அப்படியே நிற்கும். யார் எடுத்தார் என்பது மட்டும் போய்விடும். உறுப்பினரே இணையதளத்தில் நுழைந்து, தன் வாசிப்பு வரலாற்றை எப்போதும் வைத்திருப்பதா, நூலக விதிப்படி விடுவதா, திருப்பிக் கொடுத்தவுடன் நீக்குவதா என்று தேர்வு செய்யவும் ஒரு பக்கம் உண்டு. நான் போய்ப் பார்த்த நூலகங்களில் பெரும்பாலும் அந்தப் பக்கம் திறக்கப்படவே இல்லை.

இதைச் சொன்னதும் நூலகர்கள் கேட்கும் முதல் கேள்வி, "அப்போ பக்கத்தைக் கிழிச்சவனை எப்படி சார் பிடிக்கிறது?" நியாயமான கேள்விதான். கடைசியாக எடுத்தவர் ஒருவரை மட்டும் நினைவில் வைக்கும் அமைப்பு கோஹாவில் தனியாக இருக்கிறது. அடுத்தவர் எடுத்துத் திருப்பியதும் முந்தையவர் பெயர் போய்விடும். கிழிந்த பக்கத்துக்கு அது போதும். அதற்காகப் பத்து வருட வரலாறு தேவையில்லை.

அந்த நூலகத்தில் இதையெல்லாம் மாற்றிவிட்டு நிம்மதியாக இருந்தேன். ஏறத்தாழ ஒரு வருடம் கழித்து வேறு ஏதோ பிழையைத் தேடும்போது நடவடிக்கைப் பதிவு என்ற அட்டவணையைத் திறந்தேன். எந்த ஊழியர் யாருக்கு எந்தப் புத்தகம் கொடுத்தார் என்பது நேரத்தோடு வரிசையாக இருந்தது. ஊழியர் தவறுகளைக் கண்டுபிடிக்க வைத்த வசதி அது. முன்வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைப்புறத்தைத் திறந்து வைத்திருக்கிறேன். அதற்கும் ஒரு காலக்கெடு வைத்தேன். அப்புறம் காப்புப் பிரதிகள் ஞாபகம் வந்தன. அவை மேசை டிராயரில் ஒரு பென்டிரைவில், பூட்டில்லாமல், நாலு வருடத்துக்கானவை மொத்தமாக இருந்தன.

இதுவரை சொன்னது உறுப்பினர் விஷயம். உறுப்பினராகாமல், இணையதளத்தில் சும்மா புத்தகம் தேடிப் பார்ப்பவரும் தடம் விட்டுவிட்டுத்தான் போகிறார். எந்த சர்வரும் தன்னிடம் வரும் ஒவ்வொரு கோரிக்கையையும் ஒரு வரியாக எழுதி வைக்கும்: எந்த ஐபி முகவரி (இணையத்தில் உங்கள் இணைப்பை அடையாளம் காட்டும் எண்), எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம், எந்த பிரவுசர். நூல் பட்டியலில் நீங்கள் தட்டிய தேடுசொல் பெரும்பாலும் பக்க முகவரியின் பகுதியாகவே போகும். ஆகவே 'விவாகரத்துச் சட்டம்' என்று ராத்திரி பதினொன்றரைக்கு ஒருவர் தேடியது அந்த வரியில் அப்படியே இருக்கும். தளத்துக்கு வருவோரை எண்ணும் கூகுள் அனலிட்டிக்ஸ் கருவியைப் போட்டிருந்தால் அந்தப் பக்க முகவரி தேடுசொல்லோடு கூகுளுக்கும் போகும். எத்தனை பேர் வந்தார்கள் என்று தெரிந்தால் போதும் என்று நினைத்துத்தான் போடுகிறார்கள். அந்த எண்ணிக்கையைச் சொந்த சர்வரிலேயே எடுக்கலாம்.

எனக்கே வெகுநாள் உறைக்காத ஒன்று, அட்டைப் படங்கள். பட்டியலில் புத்தகத்தின் பெயருக்குப் பக்கத்தில் அழகாக ஒரு படம் வருகிறதே, அது பல நூலகங்களின் சர்வரில் இருப்பதில்லை. கூகுள் புக்ஸிலிருந்தோ அமேசானிலிருந்தோ நேராக உங்கள் பிரவுசருக்கு வருகிறது. அதாவது மார்பகப் புற்றுநோய் பற்றிய நூலின் பக்கத்தை நீங்கள் திறந்த நொடியில், அந்த நூலின் ஐஎஸ்பிஎன் என்ற அடையாள எண்ணைக் காட்டி உங்கள் பிரவுசரே அந்த நிறுவனத்திடம் படம் கேட்கிறது. நூலகர் யாரிடமும் சொல்லவில்லை, நீங்களும் சொல்லவில்லை, ஆனால் செய்தி போய்விட்டது. படங்களை ஒருமுறை ஸ்கேன் செய்து நூலக சர்வரிலேயே ஏற்றிவிட்டால் தீர்ந்தது. வேலை அதிகம்தான். தமிழ்ப் புத்தகங்களில் பாதிக்கு எப்படியும் அங்கே படம் கிடைப்பதில்லை. நாமேதான் ஏற்ற வேண்டியிருக்கிறது. யூடியூப் வீடியோ, முகநூல் பொத்தான், கூகுள் வரைபடம் என்று முகப்பில் ஒட்டும் ஒவ்வொன்றும் இதே வேலையைச் செய்யும்.

தொழில்நுட்பம் தெரிந்தவன் செய்யும் தவறு இது. தெரியாமல் செய்யும் தவறுகள் வேறு ரகம். ஒரு நூலகத்தின் தளத்தில் 'புத்தகம் திருப்பாதோர் பட்டியல்' என்று ஒரு பிடிஎஃப். பெயர், தந்தை பெயர், முகவரி, செல்பேசி எண், எடுத்த நூல், எல்லாம் தமிழில் தெளிவாக. வெட்கப்பட்டாவது திருப்பித் தருவார்கள் என்று போட்டிருக்கிறார்கள். அந்தப் பெயர்களில் ஒன்றைக் கூகுளில் தட்டினேன், முதல் பக்கத்திலேயே வந்தது. எடுத்துவிடச் சொன்னேன், எடுத்தார்கள். அதற்குப் பிறகும் சில வாரங்கள் தேடலில் தலைகாட்டிக்கொண்டிருந்தது.

இன்னொரு இடத்தில் உறுப்பினர் சேர்க்கைக்கு கூகுள் படிவம். நல்ல எண்ணம்தான், வரிசையில் நிற்க வேண்டாம். விவரங்கள் விழும் தாளை 'இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம்' என்று திறந்து, அந்த இணைப்பை ஊழியர்களின் வாட்ஸப் குழுவில் போட்டிருந்தார்கள். குழுவில் மாற்றலாகிப் போனவர், ஓய்வு பெற்றவர் எல்லாரும் இருந்தார்கள். ஆதார் முன்பக்கம் பின்பக்கம் படமாக வேறு. ஒரு ஆளுக்கு மூன்று புத்தகம் கொடுக்க ஆதார் எண் எதற்கு? முகவரிச் சான்றை நேரில் பார்த்துவிட்டு 'சரிபார்த்தேன்' என்று ஒரு டிக் போட்டால் போதாதா? கேட்டேன். "ஃபார்ம்ல அந்தக் கட்டம் இருக்கு சார்" என்றார்கள்.

வாசலில் இருக்கும் வருகைப் பதிவேடும் இந்த வகைதான். பெயர், ஊர், கையெழுத்து வரை சரி. சில இடங்களில் செல்பேசி எண்ணுக்கும் ஒரு கட்டம் கோடு போட்டிருக்கிறார்கள். போட்டித் தேர்வுக்குப் படிக்க வரும் ஒரு பெண், முன்பின் தெரியாத எண்ணிலிருந்து தினமும் குட்மார்னிங் வருவதாக என்னிடம் சொன்னார். அவர் எண்ணை எங்கேயும் கொடுக்கவில்லை என்றார். அந்த நோட்டு மட்டும் காலை எட்டு மணி முதல் வாசல் மேசையில் திறந்தே கிடந்தது. இப்போது இந்த நோட்டையே இணையத்துக்கு மாற்றுகிறோம் என்கிறார்கள். மாற்றுங்கள், ஆனால் செல்பேசி எண்ணுக்கான அந்தக் கட்டத்தை வெட்டிவிட்டு மாற்றுங்கள்.

பாஸ்வேர்ட் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். உறுப்பினர் எண்ணே பயனர் பெயர், பிறந்த தேதியே பாஸ்வேர்ட் என்று கொடுப்பது இன்னும் இருக்கிறது. பெற்ற அப்பாவுக்கு மகளின் பிறந்த தேதி தெரியாதா?

நூலகக் கணினியில் உட்கார்ந்து உங்கள் கணக்கில் நுழைந்தால், எழும்போது லாக்அவுட் செய்யுங்கள். நூலகம் தன் பங்குக்கு, ஒவ்வொரு பயனரும் எழுந்ததும் பிரவுசர் தன் வரலாற்றையும் குக்கீகளையும் துடைத்துக்கொள்ளும்படி வைக்க வேண்டும். இந்தக் கணினித் தடங்களுக்கு எவ்வளவு மதிப்பு என்பதற்கு ஒரு பழைய வழக்கு உண்டு. 2005-ல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் நூலகங்களின் கூட்டமைப்பு ஒன்றிடம், குறிப்பிட்ட ஒரு நாளில் நூலகக் கணினியைப் பயன்படுத்தியவர் யார் என்று அந்நாட்டுப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ கடிதம் கொடுத்துக் கேட்டது. கேட்டதை வெளியே சொல்லவும் தடை. நான்கு நூலகர்கள் நீதிமன்றம் போனார்கள். அடுத்த ஆண்டு எஃப்பிஐ தன் கோரிக்கையைக் கைவிட்டது.

திருடர்கள் கடிதம் எழுதிக் கேட்க மாட்டார்கள். 2023 அக்டோபரில் லண்டனின் பிரிட்டிஷ் நூலகத்தை ரைசிடா என்ற ஹேக்கர் கும்பல் தாக்கி, சுமார் 600 ஜிபி கோப்புகளை அள்ளிக்கொண்டு போனது. கேட்ட பணத்தை நூலகம் கொடுக்கவில்லை. கும்பல் கோப்புகளை இணையத்தில் கொட்டிவிட்டது. ஊழியர்களின் விவரங்களும் வாசகர்களின் தொடர்பு விவரங்களும் அதில் போயின. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே அந்தக் கதி என்றால், டிராயரில் பென்டிரைவ் வைத்திருக்கும் நம் கதி என்ன என்று யோசித்த அன்றுதான் அந்த நாலு வருடக் காப்புப் பிரதிகளை அழித்தேன்.

சட்டம் என்ன சொல்கிறது? தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியமான கடமைகளுக்கு 18 மாத அவகாசம். பாதுகாப்பில் கோட்டை விட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். அரசு தரும் சேவைகளுக்குச் சில தளர்வுகள் உண்டு, அதைச் சாக்காகச் சொல்பவர்களையும் பார்த்துவிட்டேன். நூலகங்களுக்கு நான் சுட்டிக்காட்டுவது இரண்டு விஷயங்கள். 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவரின் விவரங்களுக்குப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும், அந்தப் பிள்ளைகளின் நடத்தையைத் தொடர்ந்து கண்காணிக்கவும் கூடாது. சிறுவர் பிரிவுப் பக்கத்தில் கண்ட கண்ட கருவிகளை ஒட்டியிருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இரண்டாவது, என்ன விவரம் எதற்காக வாங்குகிறோம் என்ற அறிவிப்பை, தமிழ் உட்பட அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகளில் ஒன்றில் கேட்டுப் பெறும் வசதி இருக்க வேண்டும். ஆகவே தமிழில் கேட்பது உங்கள் உரிமை. இப்போதைக்குப் பல தளங்களின் அடியில் இருக்கும் தனியுரிமைக் கொள்கை எங்கிருந்தோ வெட்டி ஒட்டியது. ஒன்றில் கலிஃபோர்னியா சட்டப்படி உங்களுக்குள்ள உரிமைகள் என்று ஒரு பத்தியே இருந்தது. அந்த ஊரில் கலிஃபோர்னியாக்காரர் யாரும் உறுப்பினராக இருந்ததாகத் தெரியவில்லை.

நான் முதலில் சொன்ன நூலகத்துக்குப் போன வருடம் போயிருந்தேன். எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெரியவர் கவுண்ட்டரில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். தீபாவளிக்கு முன்பு எடுத்த ஒரு பயணநூலின் பெயர் மறந்துவிட்டது, கம்ப்யூட்டரில் பார்த்துச் சொல்லச் சொல்கிறார். "எங்ககிட்ட இல்லைங்கய்யா, அழிஞ்சிடும்" என்கிறார் நூலகர். "யாரைக் கேட்டு அழிச்சீங்க?" என்கிறார் இவர். சரியான கேள்வி. வாசிப்பு வரலாற்றை வைப்பதா நீக்குவதா என்று உறுப்பினரே தேர்வு செய்யும் பக்கத்தைப் பற்றி அவரிடம் யாருமே சொல்லியிருக்கவில்லை. நான் அவரை ஓரமாக உட்காரவைத்து, அவர் கணக்கைத் திறந்து, அந்த மூன்று தேர்வுகளையும் விளக்கினேன். வீட்டில் வேறு யாராவது உங்கள் அட்டையைக் கொண்டுவந்து கேட்டால் பட்டியல் அவர்கள் கைக்குப் போகக்கூடும் என்றும் சொன்னேன்.

"எப்போதும் வை"யில் விரலை வைத்தார். "கேக்குறதுக்கு வீட்ல யாரு தம்பி இருக்கா" என்றார்.