டேமன்: தரவு அணுகல் கண்காணி

லினக்ஸ் இயக்குதளத்தின் மையமான கருவகத்தின் 5.15ஆம் பதிப்பு 2021 அக்டோபர் இறுதியில் வெளியானபோது, அதனுடன் டேமன் என்றொரு புதிய உறுப்பும் சேர்ந்து வந்தது. அமேசானில் பணியாற்றிய கொரியப் பொறியாளர் சியோங்ஜே பார்க் அதை எழுதினார். பெயரைக் கேட்டதும் யூனிக்ஸ் உலகின் ‘டீமன்’ நினைவுக்கு வந்தால் வியப்பில்லை. ஆனால் இரண்டும் வேறு. டீமன் என்பது கிரேக்கத்தின் ‘டைமோன்’ வழி வந்த சொல். பின்னணியில் ஓசைப்படாமல் ஓடும் நிரலைக் குறிக்கும். டேமன் வெறும் சுருக்கப்பெயர். ‘டேட்டா ஆக்சஸ் மானிட்டர்’ என்ற தொடரின் முதல் இரண்டு சொற்களிலிருந்து ஒவ்வோர் எழுத்தும் கடைசிச் சொல்லிலிருந்து மூன்றும் எடுத்துக் கோத்தது. குழப்பம் போதாதென்று, கருவகத்துக்குள் தனியே ஓடி இதை நடத்தும் இழைக்குக் ‘கே-டேமன்-டி’ என்று பெயர். அதன் வாலில் நிற்கும் ‘டி’ மட்டும் டீமனின் ‘டி’தான்.

கணினியின் நினைவகம் ‘பக்கங்கள்’ என்ற சிறு துண்டுகளாகப் பகுக்கப்பட்டிருக்கும். அவற்றில் எந்தப் பக்கத்தை ஒரு நிரல் அடிக்கடி தொடுகிறது, எதை எடுத்துப் போட்டுவிட்டு மறந்துபோகிறது என்று கருவகத்துக்குள் இருந்தபடியே பார்த்துச் சொல்வது டேமனின் வேலை. மூன்று சொற்களுக்கும் தமிழ் தேடினால், முதல் இரண்டில் சிரமமே இல்லை. ‘டேட்டா’ லத்தீனில் ‘தரப்பட்டவை’. நம் ‘தரவு’ம் ‘தா’ என்ற வினையடியிலிருந்து வந்ததுதான். ‘ஆக்சஸ்’ என்பதன் லத்தீன் வேருக்கு ‘நெருங்கிச் செல்’ என்று பொருள். ‘அணுகல்’ அதற்கு நேராக அமைகிறது. ஆனால் ‘ஆக்சஸ் பேட்டர்ன்’ என்பதை ‘அணுகுமுறை’ என்று எழுதுவோரிடம் சண்டைக்குப் போகத்தான் வேண்டும். அணுகுமுறை என்றால் ஒரு சிக்கலை நாம் எப்படிக் கையாள்கிறோம் என்பது. நிரல் நினைவகத்தைத் தொடும் விதம் அன்று. ‘அணுகல் பாங்கு’ என்பதே பொருந்தும்.

மூன்றாவது சொல்தான் சுவையானது. ‘மோனேரே’ என்ற லத்தீன் வினைக்கு எச்சரித்தல், நினைவூட்டல் என்று பொருள். ‘மானிட்டர்’ என்பவர் எச்சரிப்பவர். வகுப்பில் சட்டாம்பிள்ளைக்கு அந்தப் பெயர் வந்தது இப்படித்தான். முதலை வருவதை முன்கூட்டிச் சொல்லும் என்று நம்பியதால் உடும்புக்கும் ஆங்கிலத்தில் அதே பெயர். கணினியியல் இந்தச் சொல்லைப் பாடாய்ப் படுத்தியிருக்கிறது. 1950களில் பணிகளை ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டிய தொடக்ககால இயக்குதளமே ‘மானிட்டர்’ எனப்பட்டது. 1970களில் கணினி அறிஞர்கள் பிரிஞ்ச் ஹான்சனும் ஹோரும் ஒரே தரவைப் பல செயல்கள் முட்டிக்கொள்ளாமல் பகிர்வதற்கான அமைப்பு ஒன்றுக்கு அதே பெயரை வைத்தார்கள். மேசைமேல் இருக்கும் திரையும் மானிட்டர். போதாக்குறைக்கு, பிற நிரல்களை நோட்டம்விடும் நிரலும் மானிட்டர்.

தமிழில் இந்த நெருக்கடி இல்லை. திரைக்குத் ‘திரை’ இருக்கிறது. நோட்டம்விடுவதற்குக் ‘கண்காணி’ இருக்கிறது. சோழர் காலச் சிவன் கோயில் கல்வெட்டுகளில் ‘ஸ்ரீமாகேசுவரக் கண்காணி செய்வார்’ என்ற பொறுப்பாளர்கள் வருகிறார்கள். கோயில் சொத்தும் வழிபாடும் ஒழுங்காக நடக்கின்றனவா என்று பார்ப்பது அவர்கள் கடன். திருமந்திரம் ‘கண்காணி இல்லென்று கள்ளம் பல செய்வார்’ என்று தொடங்கி, கண்காணி இல்லாத இடமே இல்லை என்று இறைவனைச் சுட்டும். பேச்சில் திரிந்து ‘கங்காணி’ ஆனபோது சொல்லுக்கு ஒரு கசப்பும் ஏறியது. இலங்கையின் தேயிலைத் தோட்டங்களுக்கும் மலாயாவின் ரப்பர் தோட்டங்களுக்கும் ஆள்பிடித்துக் கூட்டிச் சென்று, அங்கேயே அவர்களை மேற்பார்த்தவர் கங்காணி. ஆங்கில அகராதிகளும் அந்தச் சொல்லை அப்படியே ஏற்றுக்கொண்டன.

இந்த வரலாற்றுக்காகவே சிலர் ‘கண்காணிப்பான்’ என்று புதிதாகச் செய்யப் பார்க்கிறார்கள். தேவையில்லை. ‘கண்காணி’ என்பது வினையும் ஆகும், அதைச் செய்பவரையும் செய்யும் பொருளையும் குறிக்கும் பெயரும் ஆகும். மூன்று எழுத்து கூட்டுவதால் கங்காணி போய்விடப் போவதுமில்லை.

அந்தக் கங்காணி விடியற்காலையில் தொழிலாளர் கூடும் பிரட்டுக்களத்தில் ஆள் ஆளாக எண்ணிக் கணக்குக் கொடுத்தார். டேமன் அப்படி எண்ணுவதில்லை. அதன் நுட்பமே அதுதான். 16 கிகாபைட் நினைவகத்தை 4096 பைட் பக்கங்களாகப் பிரித்தால் 41,94,304 பக்கங்கள் வரும். ஒவ்வொன்றையும் ஓயாமல் சோதித்தால் கண்காணிப்புக்கே செயலியின் பொழுது போய்விடும். எனவே டேமன் அடுத்தடுத்த பக்கங்களை வட்டாரங்களாகச் சேர்க்கிறது. ஒரு வட்டாரத்துக்குள் இருக்கும் பக்கங்கள் ஏறத்தாழ ஒரேபோலத்தான் அணுகப்படும் என்பது அதன் அனுமானம். பிறகு வட்டாரத்துக்கு ஒரு பக்கத்தை மட்டும் குலுக்கலில் எடுப்பதுபோலத் தேர்ந்து பதம் பார்க்கிறது.

64 மெகாபைட் வட்டாரம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதில் 16,384 பக்கங்கள். டேமன் ஒன்றைப் பொறுக்கி, பக்கங்களின் விவரம் பதிந்திருக்கும் பக்க அட்டவணையில் அதற்குரிய ‘அணுகப்பட்டது’ என்ற பிட்டை (0 அல்லது 1 என நிற்கும் குறியை) அழிக்கிறது. நிரல் அந்தப் பக்கத்தைத் தொட்டால் செயலியே அந்தப் பிட்டை மறுபடி ஏற்றிவிடும். 5 மில்லிவிநாடி கழித்துத் திரும்பி வந்து பார்க்கிறது. ஏறியிருந்தால் வட்டாரத்தின் கணக்கில் ஒன்று கூடும். உடனே இன்னொரு பக்கத்தைப் பொறுக்கும். இயல்பான அமைப்பில் 100 மில்லிவிநாடிக்கு ஒருமுறை கணக்கு முடிக்கப்படுவதால் ஒரு தவணைக்கு 20 சோதனைகள். 20க்கு 20 வந்தால் அந்த வட்டாரம் கொதிக்கிறது. சுழியம் வந்தால் ஆறிக் கிடக்கிறது.

ஒரு தவணை முடிந்ததும், கணக்கு ஏறக்குறைய ஒன்றாக வந்த அண்டை வட்டாரங்களை டேமன் இணைக்கிறது. பிறகு வட்டாரங்களைக் குறுக்கே வெட்டிப் பார்க்கிறது. வெட்டிய துண்டுகளின் கணக்கு வேறுபட்டால் பிரிவு நிலைக்கும். இல்லையென்றால் அடுத்த தவணையில் மீண்டும் ஒட்டிக்கொள்ளும். வட்டாரங்களின் எண்ணிக்கை 10க்குக் கீழும் 1000க்கு மேலும் போகாமல் இருப்பது இயல்பமைப்பு. ஆக, நினைவகம் 16 கிகாபைட்டோ ஒரு டெராபைட்டோ, வேலைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. விலை துல்லியத்தில் கொடுக்கப்படுகிறது: ஆறிய வட்டாரத்தின் நடுவே ஒற்றைப் பக்கம் மட்டும் கொதித்தால் அது கண்ணில் படாமலே போகக்கூடும்.

அந்த ‘அணுகப்பட்டது’ பிட் ஒன்றும் புதிதன்று. மான்செஸ்டரில் 1962இல் இயங்கத் தொடங்கிய அட்லஸ் கணினியிலேயே பக்கத்துக்கு ஒரு பயன்பாட்டுக் குறி இருந்தது. எந்தப் பக்கத்தைக் காந்த உருளைச் சேமிப்பகத்துக்கு அனுப்பலாம் என்று அதைப் பார்த்தே ஒரு நிரல் முடிவெடுத்தது. 1968இல் கணினி அறிஞர் பீட்டர் டென்னிங், ஒரு நிரல் அண்மையில் தொட்ட பக்கங்களின் தொகுதிக்கு ‘வொர்க்கிங் செட்’ என்று பெயரிட்டார்; ‘நடப்புத் தொகுதி’ எனலாம். வாக்ஸ் கணினியில் இந்தப் பிட்டே இல்லாததால், பெர்க்லி யூனிக்ஸ்காரர்கள் பக்கங்களை வேண்டுமென்றே செல்லாதவையாக்கி, நிரல் தடுக்கி விழும்போது கணக்கு எடுத்தார்கள்.

லத்தீன் மானிட்டர் எச்சரித்துவிட்டு ஒதுங்கிக்கொள்வார். கண்காணி அப்படியல்ல, வேலையையும் நடத்துவிப்பவர். இந்த இடத்தில் நம் சொல் மூலத்தைவிடக் கருவிக்கு நெருங்கியே நிற்கிறது. 5.16ஆம் பதிப்பில் டேமனுக்குச் செயல் திட்டங்கள் சேர்ந்தன. ‘இவ்வளவு அளவுள்ள, இத்தனை நேரமாக ஆறிக் கிடக்கும் வட்டாரத்தை வெளியேற்று’ என்று எழுதிக் கொடுத்தால் போதும், கருவகமே அதைச் செய்துவிடும். அதே பதிப்பில் வந்த மீட்புக் கூறு, இயல்பமைப்பில் 120 விநாடி தீண்டப்படாத நினைவகத்தைத் தேடி வெளியேற்றுகிறது. கொதிக்கும் வட்டாரத்துக்குப் பெரும்பக்கங்களை ஒதுக்கச் சொல்லவும் வழி உண்டு.

டேமன் என்பதைப் பெயராக அப்படியே வைத்துக்கொள்ளலாம். முதல் முறை வரும்போது ‘தரவு அணுகல் கண்காணி’ என்று விரித்துவிட வேண்டும். தொடரில் இப்படி வரும்: ‘தரவுத்தள வழங்கியில் கண்காணியை ஓட்டியதில், ஒதுக்கிய நினைவகத்தில் பெரும்பங்கு ஆறிக் கிடப்பது தெரிந்தது.’ ‘அணுகல் பாங்கு மாறியதும் வட்டாரங்கள் சிறுத்தன.’ ‘நடப்புத் தொகுதிக்கு வெளியே உள்ள பக்கங்களை மட்டும் வெளியேற்றுமாறு செயல் திட்டத்தைத் திருத்தினோம்.’