அச்சு நூலைப் படிக்க இயலாத தமிழ் வாசகர்களும் நம் நூலகங்களும்

கோலாலம்பூரில் நூலகராகப் பணியாற்றி, தமிழ் நூல் பிரிவையும் மாற்றுத்திறனாளி வாசகர் சேவையையும் சேர்த்தே கவனித்து வரும் எனக்கு ஒரு கருத்து ஆண்டுக்கு ஆண்டு உறுதிப்பட்டு வருகிறது. இத்தகைய சேவையின் தரத்தை, வாங்கி வைத்திருக்கும் கருவிகளைக் கொண்டு அளக்கக் கூடாது. வாசகர் கேட்ட நூல், அவரால் படிக்க முடிந்த வடிவில், எத்தனை நாளில் அவரிடம் போய்ச் சேருகிறது என்பதைக் கொண்டே அளக்க வேண்டும். அப்படி அளந்தால், மலாய் மற்றும் ஆங்கில நூல்களுக்கு ஓரளவு நல்ல விடை கிடைக்கும். தமிழ் நூல்களுக்கு அந்த விடை இன்னும் கிடைக்கவில்லை.

பார்வையற்ற வாசகர் என்றதும், சிறு வயதிலேயே பார்வை இழந்து, விரலால் தடவிப் படிக்கும் புள்ளி எழுத்தான பிரெய்லைச் சிறப்புப் பள்ளியில் கற்றவரையே பலரும் நினைக்கின்றனர். எங்களை நாடி வரும் தமிழர்களில் கணிசமானோர் ஐம்பது வயதைக் கடந்தபின் நீரிழிவால் விழித்திரை பாதிக்கப்பட்டுப் பார்வை குன்றியவர்கள். 2019ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வின்படி நம் நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடமே அது மிகுதி. நீரிழிவு கண்ணோடு நின்றுவிடுவதில்லை. நாளடைவில் விரல் நுனியின் தொடுவுணர்வையும் மழுங்கச் செய்யக்கூடும். அத்தகைய வாசகரிடம் பிரெய்ல் நூலை நீட்டிப் பயனில்லை. காலையில் நாளேடும் இரவில் நாவலுமாக வாழ்ந்து பழகிய அவருக்குத் தேவைப்படுவது காதால் கேட்கக்கூடிய தமிழ் நூல்.

இதனால் பிரெய்லின் தேவை தீர்ந்துவிட்டது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. காதால் மட்டும் கேட்டுப் படிக்கும் மாணவருக்கு லகரமும் ளகரமும் எங்கே வருகின்றன, ஒற்று எங்கே மிகுகிறது என்பது தெரிய வழியில்லை. மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அமைந்துள்ள பிரிக்ஃபீல்ட்ஸ் வட்டாரத்தில் நான் சந்தித்த தமிழ் இளைஞர் பலர், மலாய், ஆங்கில பிரெய்லைச் சரளமாகப் படிக்கின்றனர். தமிழ் பிரெய்லை மட்டும் அவர்களுக்கு யாரும் கற்றுத் தரவில்லை. இத்தனைக்கும், 1 முதல் 6 வரை எண்ணிட்ட ஆறு புள்ளிகளைக் கொண்டு எழுத்துகளை அமைக்கும் முறை அனைத்து மொழிகளுக்கும் பொது. க, ப, ம, ர, ல ஆகியவற்றின் குறிகள் ஆங்கிலத்தில் கே, பி, எம், ஆர், எல் எழுத்துகளுக்கு உள்ள அதே குறிகள்தாம். மெய்யெழுத்தின் புள்ளியைக் காட்ட அதற்கு முன்னால் 4ஆம் புள்ளி இடப்படும். உயிர்மெய்யில் மெய்க்குறியை அடுத்து உயிரெழுத்தின் குறி வரும். 1, 2, 3, 5, 6 ஆகிய புள்ளிகள் சேர்ந்த ழகரத்தில்தான் முதலில் விரல் தயங்கும், ஏனெனில் ஆங்கிலச் சுருக்க பிரெய்லில் அது வேறொரு முழுச் சொல்லைக் குறிக்கும். வீட்டில் தமிழ் பேசி வளர்ந்து, பிரெய்லும் அறிந்த ஓர் இளைஞருக்கு இது சில வாரப் பயிற்சியில் கைவந்துவிடும். ஆகவே தமிழ் பிரெய்ல் நூல்களை வரவழைக்கும் நூலகம், அவற்றோடு ஒரு பயிற்சி வகுப்பையும் தொடங்குவது நல்லது. அந்த நூல்களைப் படுக்கை வசத்தில் அடுக்காமல் நிமிர்த்தி வைக்க வேண்டும். மேலிருக்கும் பாரத்தில் புள்ளிகள் அமுங்கிப் போகும்.

பெருந்தடை இருப்பது மின்வடிவில்தான். திரையில் உள்ள எழுத்தைக் குரலில் படித்துக்காட்டும் மென்பொருளான திரைவாசிப்பான்களில், கணினிக்கான என்விடிஏ இலவசமாகவே கிடைக்கிறது; ஆண்ட்ராய்டு கைப்பேசியின் டாக்பேக் வசதியும் தமிழை வாசிக்கிறது. வாசிப்பதற்குரிய கோப்புகள்தாம் இல்லை. நம் எழுத்தாளர்களும் அச்சகத்தாரும் வைத்திருக்கும் பழைய கோப்புகள் பல, எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையாகிய யூனிகோடுக்கு முற்பட்ட எழுத்துருக்களில் உள்ளன. கண்ணுக்கு அழகான தமிழாகத் தெரியும் அந்தப் பக்கம், திரைவாசிப்பானுக்கு ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பையாகவே எட்டுகிறது. மாற்றிகளைக் கொண்டு யூனிகோடுக்கு மாற்றலாம். ஆனால் வேலை அங்கே முடிவதில்லை. 'கௌரவம்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். ஒற்றைக்கொம்பு, ககரம், ளகரம் என்று மூன்றாகத் தட்டச்சு செய்தாலும் திரையில் பார்ப்பதற்கு ஏறத்தாழ அதே சொல்தான். திரைவாசிப்பானோ ஔகாரத்தை விட்டுவிட்டு ளகரத்தைத் தனியே ஒலித்து, கேட்பவருக்கு விளங்காத ஒரு சொல்லைச் சொல்லும். கண்ணால் மெய்ப்புப் பார்ப்பவர் இந்தப் பிழையை எத்தனை முறை கடந்து சென்றாலும் பிடிக்க இயலாது. அதனால்தான் கோப்பைச் சரிபார்க்கும் பணியில் பார்வையற்ற வாசகர் ஒருவரை ஊதியம் கொடுத்து அமர்த்த வேண்டும் என்று நான் வலியுறுத்துகிறேன். அவர் காதில் படும் பிழை வேறு எவர் கண்ணிலும் படாது.

குரலில் பதிவு செய்வதற்கு ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களைப் போல் பொருத்தமானவர்கள் இல்லை. அவர்களுக்குச் சில நடைமுறைகளை முன்கூட்டியே சொல்லிவிடுவது நலம்: தொடக்கத்திலேயே நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு ஆகியவற்றைச் சொல்ல வேண்டும், இயல்தோறும் தனிக் கோப்பு வேண்டும், அடிக்குறிப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதையும் கூற வேண்டும். உணர்ச்சி ததும்ப நடித்து வாசிக்கத் தேவையில்லை. கதைமாந்தர் எப்படிப் பேசினார் என்பதை வாசகர் தம் மனத்தில் அமைத்துக்கொள்ளட்டும்.

இந்தச் சேவை பார்வையற்றோருக்கு மட்டும் உரியது என்ற தவறான எண்ணம் நூலகப் பணியாளரிடமும் உண்டு, வாசகரிடமும் உண்டு. முடக்குவாதத்தால் விரல்கள் மடங்கிப்போன, ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எங்களிடம் வந்தபோது, "எனக்குக் கண்ணு நல்லாத்தானே தெரியுதும்மா, இதெல்லாம் எனக்குத் தருவீங்களா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். "உங்களுக்கும் உண்டு, டீச்சர்" என்று சொல்லிப் பதிவு செய்தோம். தடித்த நூலை அவரால் விரித்துப் பிடிக்க முடியாது. நாற்காலிக் கைப்பிடியில் பொருத்திய தாங்கியில் ஒரு கைக்கணினி, புறங்கையால் தொட்டாலே பக்கம் மாறும் மின்னூல் ஆகியவற்றோடு அவர் மீண்டும் சிறுகதைகள் படிக்கிறார். தசைச் சிதைவு நோயாளிக்கும், எழுத்துகளைப் பிரித்தறியத் திணறும் டிஸ்லெக்சியா மாணவருக்கும் இதே கோப்புகள் பயன்படும். நேரில் வருவோருக்கு அலமாரிகளுக்கு இடையே குறைந்தது 90 சென்டிமீட்டர் வழி வேண்டும். அந்த அகலத்தை விட்டுக் கட்டிய நூலகங்களிலும், நூல்களை அடுக்கும் தள்ளுவண்டியை இடைவழியிலேயே நிறுத்திவிட்டுப் போகும் பழக்கத்தால் சக்கர நாற்காலி நுழைய முடிவதில்லை.

சட்டம் இப்போது நமக்குச் சாதகமாகவே உள்ளது. 2013இல் நிறைவேறிய மராக்கேஷ் உடன்படிக்கை, 2022 ஜூன் 30 முதல் மலேசியாவிலும் நடப்பில் இருக்கிறது. அச்சு நூலைப் படிக்க இயலாதவர்களுக்காக, ஆசிரியரின் தனி அனுமதி இல்லாமலேயே, வெளியான நூலை அவர்கள் படிக்கக்கூடிய வடிவுக்கு மாற்ற அங்கீகரிக்கப்பட்ட அமைப்புகளுக்கு அது வழிவிடுகிறது. நூலைக் கையில் பிடிக்கவோ புரட்டவோ முடியாத உடற்குறை உள்ளவரையும் அது வெளிப்படையாகவே உள்ளடக்குகிறது. உறுப்பு நாடுகள் இக்கோப்புகளைத் தங்களுக்குள் பரிமாறிக்கொள்ளலாம் என்பது தமிழுக்குப் பெரிய வாய்ப்பு. அந்த உடன்படிக்கையை முதன்முதலாக உறுதிசெய்த நாடு இந்தியா. இலங்கையும் சிங்கப்பூரும் உறுப்பு நாடுகளே. 2016இல் இந்தியாவில் தொடங்கப்பட்ட சுகம்ய புஸ்தகாலயா இணைய நூலகத்தில் தமிழ் நூல்களும் இருக்கின்றன. சென்னையில் ஒருவர் உழைத்து உருவாக்கிய கோப்பைக் கோலாலம்பூரிலும் பினாங்கிலும் மறுபடி முதலிலிருந்து உருவாக்கத் தேவையில்லை. அங்கே கிடைப்பதை முறைப்படி வரவழைத்துக்கொண்டு, நம் உழைப்பை மலேசியத் தமிழ் நூல்களுக்குச் செலவிடுவதே முறை.

நூற்பட்டியலைப் பற்றியும் ஒரு சொல் சொல்லியாக வேண்டும். தமிழ்த் தலைப்பு ரோமன் எழுத்தில் மட்டும் பதிவாகியிருந்தால் திரைவாசிப்பான் அதை உருக்குலைத்தே ஒலிக்கும். நூலகங்கள் நூல் விவரங்களைக் கணினியில் பதியும் முறையான மார்க் 21 பதிவில் மூல எழுத்துக்கென்றே 880ஆம் புலம் இருக்கிறது. அதில் தமிழிலேயே தலைப்பை இட்டுவிட்டால் வாசகர் பிறர் துணையின்றித் தாமே தேடிக்கொள்வார்.

இறுதியாக, சொந்தச் செலவில் நூல் வெளியிடும் நம் எழுத்தாளர்களிடம் ஒரு வேண்டுகோள். 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி, அச்சிட்ட நூலின் 5 பிரதிகளைத் தேசிய நூலகத்தில் ஒப்படைக்கிறீர்கள். அந்த நூலின் இறுதி யூனிகோடு கோப்பையும், படமாக வருடிய பிடிஎஃப் ஆக அல்லாமல் எழுத்தாகவே, மாற்றுத்திறனாளி சேவை நடத்தும் ஒரு நூலகத்துக்கு அனுப்பி வையுங்கள். பக்கம் பக்கமாக வருடி, எழுத்தெழுத்தாகத் திருத்துவதற்கு எங்களுக்கு மாதக்கணக்கில் ஆகும் பணி அதனால் சில நாளில் முடியும். உங்கள் நூல் வெளியீடு கண்ட அதே மாதத்தில் பார்வையற்ற வாசகரும் அதைப் படித்து முடித்திருப்பார்.