அம்மாவைப் பேச விடுங்கள்

மகளிர் நல மருத்துவராக, அடி இறங்கிவிட்டது, அதாவது கர்ப்பப்பை கீழே இறங்கிவிட்டது என்று வரும் வயதான அம்மாக்களை அடிக்கடி பார்க்கிறேன். இந்த வாரமும் ஒருவர் வந்தார். "எத்தனை நாளா இருக்கும்மா?" என்று கேட்டால் மகன் பதில் சொல்கிறார், "ஒன்னுக்குப் போறதுல சிரமமா?" என்றால் மருமகள். இரண்டு பேரையும் வெளியே உட்காரச் சொன்ன பிறகுதான், இருமினாலே சிறுநீர் கசிகிறது, அதனாலேயே கல்யாணம் காட்சிக்குப் போவதில்லை என்று அந்த அம்மா மெல்லச் சொன்னார்.

கர்ப்பப்பை இறங்கினால் எடுத்தே ஆக வேண்டும் என்று முடிவோடு வருகிறார்கள். அப்படி இல்லை. லேசான இறக்கத்துக்கு இடுப்புத் தசைப் பயிற்சியே போதலாம். கர்ப்பப்பையைத் தாங்கிப் பிடிக்க உள்ளே வளையம் பொருத்தலாம், சில மாதங்களுக்கு ஒருமுறை வந்து காட்ட வேண்டும். ஆபரேஷனும் உண்டு, ஆனால் அதற்கப்புறம் சில வாரங்கள் கனம் தூக்கக் கூடாது, சிலருக்கு மறுபடியும் இறங்கும்.

இதையெல்லாம் சொல்லி "உங்களுக்கு எதும்மா சரிப்படும்?" என்று கேட்டால், "டாக்டருக்கே தெரியலை போல, நம்மளக் கேக்குறாங்க" என்று வேறு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுகிறார்கள். இதுதான் எனக்குத் தாங்கவில்லை. தெரியாமல் கேட்கவில்லை ஐயா! நோய் என்ன, எந்த வழியில் என்ன பலன், என்ன சிரமம் என்று சொல்வது என் வேலை. வீட்டில் தண்ணீர்க் குடம் யார் தூக்குவார்கள், சில மாதங்களுக்கு ஒருமுறை பஸ் ஏறி வர முடியுமா, எந்தத் தொந்தரவைப் பொறுத்துக்கொள்ளலாம், எது முடியவே முடியாது என்பதெல்லாம் அந்த அம்மாவுக்குத்தான் தெரியும். ஸ்கேனில் அது தெரியாது.

சட்டமும் அதையே சொல்கிறது. மயக்கத்தில் இருந்த 44 வயதுப் பெண்ணுக்கு, அவருடைய தாயிடம் சம்மதம் வாங்கிக் கர்ப்பப்பையை எடுத்தது செல்லாது என்று 2008-ல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தெளிவான நினைவோடு இருக்கும் அம்மாவுக்காக மகன் போடும் கையெழுத்து சம்மதம் ஆகாது. (சக மருத்துவர்களே, படிவத்தை மகனிடம் நீட்டும் பழக்கத்தை விடுங்கள்.)

அம்மாக்களே, வேறு வழி இருக்கிறதா, இப்போதைக்குச் செய்யாமல் விட்டால் என்ன ஆகும், யோசிக்க நாள் இருக்கிறதா என்று தைரியமாகக் கேளுங்கள். கேட்டால் எரிந்து விழுகிற டாக்டராக இருந்தால் வேறு டாக்டரைப் பாருங்கள். ஆனால் மாதவிடாய் நின்ற பிறகு ஒரு துளி ரத்தம் பட்டாலும் டாக்டரிடம் காட்டுவதைத் தள்ளிப்போடாதீர்கள். மகனிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால், "டாக்டர்கிட்ட தனியா பேசணும்" என்று நர்ஸிடம் சொல்லுங்கள், போதும்.